பழைய ஐ7, ஐ9 லேப்டொப் ப்ரொசெசர்கள்: கொழும்பில் வாங்கப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த லேப்டொப் அடுக்கி வைத்திருக்கும் எந்தக் கடைக்குள் போனாலும் பாதிக்கு மேல் ஐ7 ஸ்டிக்கர்தான். ஒன்றுக்கும் மற்றதற்கும் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று போகும். 2012 முதல் 2019 வரை வந்த உயர்தர ப்ரொசெசர்களில் எது எதற்குச் சமன், எதை எப்படிச் சோதிப்பது என்பதற்கான பதில்கள் கீழே.

எல்லாமே ஐ7 தானே, பிறகு ஏன் விலையில் இவ்வளவு வித்தியாசம்?

ஐ7 என்பது இன்டெல் நிறுவனத்தின் ப்ரொசெசர்களில் அந்தந்த ஆண்டின் வரிசையில் மேல்தட்டு என்று மட்டும்தான் சொல்லும். வேகத்தைச் சொல்வது பின்னால் வரும் எண்ணும் கடைசி எழுத்தும். ஐ7-3740கியூஎம் என்றால் முதல் இலக்கம் 3, அதாவது மூன்றாம் தலைமுறை, 2012 காலத்துச் சரக்கு. 4 என்றால் 2013–14. 6 என்றால் பெரும்பாலும் 2015 இறுதியும் 2016-உம். 7 என்றால் 2016 இறுதியும் 2017-உம். 8 என்றால் 2017 ஓகஸ்டுக்குப் பிறகு வந்தது. கடைக்காரர் "ஐ7, 16 ஜீபி" என்று மட்டும் சொன்னால் இன்னும் எதுவுமே சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். முழு எண்ணைக் கேளுங்கள்.

கடைசி எழுத்துகளை எப்படி வாசிப்பது?

ஏமாறுகிறவர்களில் பெரும்பாலானோர் ஏமாறுவது இந்த எழுத்துகளில்தான்.

வெறும் "எம்" என்று முடிந்தால் (ஐ7-3520எம், ஐ7-4600எம்) அது 2 கோர் (ப்ரொசெசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசை). ஒரு படி கீழான, அதே தலைமுறையின் ஐ5-க்கும் இதற்கும் கொஞ்சம் கடிகார வேகமும் 1 எம்பி கேஷும் (ப்ரொசெசரின் உள் நினைவகம்) தான் வித்தியாசம். "கியூஎம்" (இரண்டாம், மூன்றாம் தலைமுறை), "எம்கியூ" (நான்காம் தலைமுறை), "எச்கியூ" (நான்கு முதல் ஏழு வரை) என்பவை 4 கோர், 8 த்ரெட். எம்கியூ சொக்கெட்டில் பூட்டியது, கழற்றலாம். எச்கியூ மதர்போர்டோடு ஒட்டியது. "எக்ஸ்எம்", "எம்எக்ஸ்" என்றால் அந்தக் காலத்து உச்சி: 55, 57 வாட், பெருக்கி (கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) பூட்டப்படாதது. எட்டாம் தலைமுறையிலிருந்து "எச்" மட்டும். அங்கே ஐ7 என்றால் 6 கோர். "எச்கே" என்றால் பெருக்கி திறந்தது.

"யூ" என்பது 15 வாட் மெல்லிய லேப்டொப் வகை. ஐந்து, ஆறு, ஏழாம் தலைமுறையில் ஐ7-யூ எல்லாம் 2 கோர்தான்: 5600யூ, 6600யூ, 7500யூ, 7600யூ. "ஏழாம் தலைமுறை ஐ7" என்று அழுத்திச் சொல்லி விற்கப்படும் 7500யூ, பல கோர் வேண்டிய வேலையில் 2012-இன் 3740கியூஎம்-இடம் தோற்கும். எட்டாம் தலைமுறையில் 8250யூ, 8550யூ வந்தபோதுதான் 15 வாட்டுக்குள் 4 கோர் கிடைத்தது.

3740கியூஎம், 6700எச்கியூ, 7700எச்கியூ, 8750எச்: உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

பெட்டியில் போட்டிருக்கும் டர்போ எண் (தற்காலிகமாக எட்டும் உச்ச வேகம்) ஒரே ஒரு கோர் ஓடும்போது வருவது. வீடியோ எக்ஸ்போர்ட், ரெண்டர், கொம்பைல் மாதிரி எல்லாக் கோரும் ஓடும் வேலைக்கு வேறு எண் உண்டு, அதைத்தான் பார்க்க வேண்டும். 3740கியூஎம்-க்கு 4 கோரும் ஓடும்போது 3.5 கிகாஹேர்ட்ஸ். 6700எச்கியூ-க்கு 3.1. 7700எச்கியூ-க்கு 3.4. 8750எச்-க்கு 6 கோரும் ஓடும்போது 3.9.

மூன்றாம் தலைமுறையிலிருந்து ஆறாம் தலைமுறைக்கு வரும்போது ஒரே கடிகார வேகத்தில் செய்யும் வேலை சுமார் 20 வீதம் கூடியது. ஆனால் 6700எச்கியூ 3.5-க்குப் பதில் 3.1-இல் ஓடுவதால் அதில் பாதிக்கு மேல் கரைந்துபோகும். மிச்சம் 6–10 வீதம். மூன்று தலைமுறை தாண்டியும் "பெரிசா ஒன்றும் தெரியவில்லையே" என்று ஆட்கள் சொல்வது இதனால்தான்.

ஆறிலிருந்து ஏழுக்கு கோர் வடிவமைப்பு மாறவே இல்லை. 3.4-ஐ 3.1-ஆல் பிரித்தால் வரும் 10 வீதம்தான் முழு லாபமும். எட்டிலும் ஒன்பதிலும் அதே கோர்தான், எண்ணிக்கைதான் கூடியது. 8750எச் காகிதத்தில் 6 × 3.9 = 23.4, 7700எச்கியூ 4 × 3.4 = 13.6. 70 வீதம் கூட மாதிரித் தெரியும். ஆனால் 45 வாட் வரம்புக்குள் 8750எச் நீண்ட நேரம் 3.9-இல் நிற்காது. 3.1 அளவில் நின்றால் 18.6, அதாவது 37 வீதம். ஃபான் நல்லதாக இருந்து, தயாரிப்பாளர் வாட் வரம்பையும் கூட்டி வைத்திருந்தால் 37-க்கும் 70-க்கும் இடையில் எங்கேயாவது வரும். ஏழிலிருந்து எட்டுக்குப் போவதற்குக் கொடுக்கும் காசுக்கு இதுவே நியாயமான காரணம். ஆறிலிருந்து ஏழுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

வேகத்துக்கு வெளியே இரண்டு விஷயம். நான்காம் தலைமுறையில்தான் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் (ஒரே தடவையில் பல எண்களைக் கணக்கிடுபவை) வந்தன. அது இல்லாவிட்டால் ஓடமாட்டோம் என்று சொல்லும் மென்பொருள் கூடிக்கொண்டே வருகிறது. மூன்றாம் தலைமுறையை வாங்க யோசிக்க வேண்டிய இடம் அது. அடுத்தது வீடியோ: யூடியூபின் 4கே பெரும்பாலும் விபி9 என்ற சுருக்க முறையில் வரும். அதை முழுமையாக ஹார்ட்வெயாரில் பிரிப்பது ஏழாம் தலைமுறையிலிருந்து; எச்இவிசி 10-பிட் என்ற இன்னொரு சுருக்க முறையும் அப்படியே. அதற்கு முந்தியவற்றில் 4கே போட்டால் ப்ரொசெசரே அந்த வேலையைச் செய்யும், ஃபான் இரையும். 1080-இல் பார்க்கிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை.

8250யூ ஐ5 நல்லதா, 7820எச்கியூ ஐ7 நல்லதா?

நிறையப் பேர் தடுமாறும் ஜோடி. இரண்டும் 4 கோர், 8 த்ரெட். 8250யூ ஒரு கோரில் 3.4 வரை போகும், 7820எச்கியூ 3.9 வரை. முதல் அரை நிமிடத்தில் இடைவெளி சிறிது. பிறகு 8250யூ 15 வாட்டுக்கு இறங்கும். பல இயந்திரங்களில் 2.5 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே வந்துவிடும். மற்றது 45 வாட்டில் 3-க்கு மேல் நிற்கும். அரை மணி நேரம் ரெண்டர் போடுகிறவருக்கு எச்கியூ. கணக்கு வேலை, பிரவுசர், சூம் வகுப்பு என்றால் இரண்டும் கைக்கு ஒரே மாதிரி. ஐ5-இன் பற்றரி கூட நேரம் நிற்கும், பை பாரம் குறையும், விண்டோஸ் 11-உம் முறைப்படி ஏறும். அலுவலக வேலைக்கு ஐ7 என்ற பெயருக்காக எச்கியூ-வை வாங்கி 180 வாட் சார்ஜரைச் சுமந்து திரிவதில் அர்த்தமில்லை.

விண்டோஸ் 11 போடலாமா?

மைக்ரோசொஃப்ட்டின் பட்டியல் இன்டெல் எட்டாம் தலைமுறையில் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையில் 7820எச்கியூ-வின் பெயர் மட்டும் அங்கே இருக்கும், அதுவும் சில குறிப்பிட்ட இயந்திரங்களுக்கு மட்டும். விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

சரிபார்ப்பைத் தாண்டி பழைய ப்ரொசெசரிலும் விண்டோஸ் 11 ஏற்றலாம், கடைகளில் அப்படித்தான் ஏற்றித் தருகிறார்கள். ஓடும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக இறங்காமல் நிற்கலாம். கையால் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். "ஒரிஜினல் விண்டோஸ் 11 இருக்கு" என்று ஆறாம் தலைமுறை இயந்திரத்தை விற்றால், அந்த வசனத்துக்கு நீங்கள் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. 4 கோர் நான்காம் தலைமுறையை மலிவாக எடுக்க இதுவே நல்ல நேரம்.

கடையில் நின்று எப்படிச் சோதிப்பது?

சார்ஜரைப் பூட்டி இயந்திரத்தைப் போடச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சிபியூ-வைத் தட்டுங்கள். வலது மேல்மூலையில் முழு எண், கீழே கோர்கள், லொஜிக்கல் ப்ரொசெசர்கள், அடிப்படை வேகம். கோர் 2 என்று இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தி விலையைத் திரும்பப் பேசலாம். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எதற்கும் அத்தாட்சி அல்ல, தனியாகவும் விற்கிறார்கள்.

அடுத்தது பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள். இயந்திரம் தொடங்கும்போது அழுத்த வேண்டியது டெல் என்றால் எஃப்2, எச்பி எஃப்10, திங்க்பேட் எஃப்1. உள்ளே போக பாஸ்வேர்ட் கேட்டால், கடைக்காரருக்கும் அது தெரியாவிட்டால், அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள். வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து மொத்தமாகக் கழித்துவிட்ட லேப்டொப்களில் இது அடிக்கடி வரும். பூட்டிய பயோஸை அப்டேட் செய்யவும் முடியாது, பிறகு திருத்தக் கொடுத்தால் தனிச் செலவு.

இப்போது முக்கியமான சோதனை. எச்டபிள்யூஇன்ஃபோ (வெப்பத்தையும் வேகத்தையும் காட்டுவது), சினிபெஞ்ச் ஆர்23 (ப்ரொசெசருக்கு முழுச் சுமை கொடுப்பது) இரண்டையும் யுஎஸ்பி-இல் கொண்டுபோங்கள், இரண்டையும் இன்ஸ்டோல் செய்யாமலே ஓட்டலாம். எச்டபிள்யூஇன்ஃபோ-வில் சென்சர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு சினிபெஞ்சின் 10 நிமிட ஓட்டத்தைத் தொடங்குங்கள். முதல் 28 செக்கனை நம்பாதீர்கள். இன்டெல்லின் வழமையான கணக்கில் அவ்வளவு நேரமும் ப்ரொசெசர் தன் வரம்பை மீறி ஓடும். ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு கடிகார வேகம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 6700எச்கியூ 2.8–3.1-இல் நின்றால் நல்லது. அடிப்படை வேகமான 2.6-க்குக் கீழே விழுந்தால் ப்ரொசெசரின் மேல் வெப்பத்தைக் கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஃபான் தேய்ந்திருக்கிறது, அல்லது ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) அடைத்திருக்கிறது. வெப்பம் 90 பாகையைத் தொடுவது மட்டும் குற்றமல்ல. 6700எச்கியூ-வின் எல்லை 100, மூன்றாம் தலைமுறை 3630கியூஎம்-இன் எல்லை 105. வெப்பம் எல்லையை முட்டி, வேகமும் விழுகிறதா என்பதே கேள்வி.

இன்னொன்று: கடைக்குள் ஏசி 24 பாகையில் ஓடும். உங்கள் வெள்ளவத்தை அறை பகலில் 31. அறை எத்தனை பாகை கூடுகிறதோ, ப்ரொசெசரும் ஏறக்குறைய அத்தனை பாகை கூடும். கடையில் 88 காட்டியது வீட்டில் 95. கடையிலேயே 97 என்றால் வீட்டில் அது எப்போதும் வேகம் குறைந்துதான் ஓடும்.

பத்து நிமிடம் ஓட்டவிடாத கடையில் வாங்காதீர்கள்.

புது லேப்டொப் மாதிரித்தான் இருந்தது, திடீரென்று 0.79 கிகாஹேர்ட்ஸில் நிற்கிறது. ப்ரொசெசர் போய்விட்டதா?

இல்லை, முதலில் சார்ஜரைப் பாருங்கள். டெல் சார்ஜரின் முனையில் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்பதை அதுதான் லேப்டொப்புக்குச் சொல்கிறது. ஊசி வளைந்தாலோ, கேபிள் உள்ளே அறுந்தாலோ, மலிவு சார்ஜராக இருந்தாலோ இயந்திரம் அதை அடையாளம் காணாமல் ப்ரொசெசரை அடிமட்ட வேகத்துக்கு இறக்கிவிடும், பற்றரியும் ஏறாது. நான்காம் தலைமுறையிலிருந்து அந்த அடிமட்டம் 0.8; மூன்றாம் தலைமுறையில் 1.2. இந்த எண்ணில் அசையாமல் நின்றால் வெப்பப் பிரச்சினை அல்ல, ஏனென்றால் வெப்பத்தால் விழும் வேகம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

வாட் குறைந்த சார்ஜரும் இதே கூத்துத்தான். திங்க்பேட் டபிள்யூ530-க்கு 135 அல்லது 170 வாட் வேண்டும். 90 வாட்டைச் செருகிவிட்டு "ஓடுதே" என்று விற்பவர்கள் உண்டு. சார்ஜரின் அடியில் உள்ள எண்ணை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

கொழும்பு வெக்கையில் பழைய 45 வாட் இயந்திரத்தைக் குளிராக வைக்க என்ன செய்வது?

முதலில் சுத்தம். பற்றரியைக் கழற்றி (உள்ளே இருந்தால் அதன் கனெக்டரைக் கழற்றி) பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்திப் பிடியுங்கள். ஹீட்சிங்கில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும்; கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, பூட்டும்போது 1-இலிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் அல்கஹோலால் துடைத்துவிட்டு பச்சைப்பயறு அளவு புதுப் பேஸ்ட். கிராஃபிக்ஸ் மெமரியின் மேல் இருக்கும் மென்மையான பேடை எறிந்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் பூசுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது, மெமரி வெந்துபோகும். தூசை ஊதும்போது ஃபானை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பெயரிங் கெடும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். உப்புக் காற்றில் ஹீட்சிங்கின் செப்புத் தகடுகள் பச்சையாகப் பூத்துவிடும்.

பிறகு அண்டர்வோல்ட், அதாவது ப்ரொசெசருக்குப் போகும் வோல்ட்டைக் கொஞ்சம் குறைப்பது. நான்காம் தலைமுறை முதல் ஒன்பதாம் தலைமுறை வரை த்ரொட்டில்ஸ்டொப் என்ற மென்பொருள் மூலம் செய்யலாம்; இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் இயலாது. கோர், கேஷ் இரண்டுக்கும் ஒரே அளவு: -50 மில்லிவோல்ட்டில் தொடங்கி 10, 10-ஆக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம் சினிபெஞ்ச். நீலத் திரை வந்தாலோ உறைந்தாலோ 20 மேலே ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். 2019 டிசம்பரில் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு வந்த பயோஸ் அப்டேட்களில் பல, இந்த வசதியைப் பூட்டிவிட்டன. ஸ்லைடரை இழுத்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் அதுதான் காரணம், அல்லது விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி தடுக்கிறது.

எதுவும் சரிவராவிட்டால் பவர் பிளானில் உச்ச ப்ரொசெசர் நிலையை 99 வீதம் ஆக்குங்கள். டர்போ நின்றுவிடும், வெப்பம் படார் என்று இறங்கும். 6700எச்கியூ அப்போது 2.6-இல் ஓடும், தாங்கலாம். 8750எச்-இல் 2.2-க்கு விழும், அது வலிக்கும்.

ஐ9-8950எச்கே மலிவாக வந்தால் எடுக்கலாமா?

உடல் தடித்த இயந்திரமாக இருந்தால் மட்டும். 6 கோர், 4.8 வரை, 12 எம்பி கேஷ் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் மெல்லிய உடலுக்குள் அது 8750எச் மாதிரியே ஓடும். 2018 மெக்புக் ப்ரோ 15 அங்குலத்தில் இந்த ஐ9 வேகம் விழுவது பெரிய பேச்சாகி, ஜூலை 24-ஆம் திகதி ஆப்பிள் மென்பொருள் திருத்தம் விட்டது. திருத்திய பிறகும் பெயருக்கேற்ற இடைவெளி வரவில்லை. அந்தக் காசுக்கு 9750எச் எடுங்கள்: 6 கோர், 12 எம்பி, 4.5 வரை.

என்னிடம் 2 கோர் லேப்டொப் இருக்கிறது. ப்ரொசெசரை மட்டும் மாற்றலாமா?

இரண்டு முதல் நான்காம் தலைமுறை வரை, சொக்கெட் உள்ள இயந்திரமென்றால் முடியும். ஐந்தாம் தலைமுறையிலிருந்து எல்லாமே ஒட்டியதுதான். இரண்டும் மூன்றும் ஒரே சொக்கெட் (ஜி2). நான்காவது வேறு (ஜி3), பின்கள் பொருந்தாது. திங்க்பேட் டி430 35 வாட்டுக்குக் கட்டியது. அதற்கு 3612கியூஎம் அல்லது 3632கியூஎம் எடுத்தால் 4 கோரும் கிடைக்கும், 35 வாட்டும் தாண்டாது. டி440பி-க்கு 37 வாட் 4702எம்கியூ. இந்த 35 வாட் ஜோடிக்கு ஒட்டும் வகையும் உண்டு. அடியில் பின் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாற்றுவதற்கு முன், பழைய ப்ரொசெசர் இருக்கும்போதே பயோஸை அப்டேட் செய்யுங்கள். சொக்கெட்டின் ஓரத்தில் ஒரு தட்டைத் திருகு இருக்கும், அரைச் சுற்று திருப்பினால் பூட்டுத் திறக்கும். ப்ரொசெசரை இழுக்கவோ அமுக்கவோ தேவையில்லை, தானாக அமரும். முக்கோணக் குறியை முக்கோணத்தோடு சேருங்கள். மேலே "இன்டெல் கொன்ஃபிடென்ஷியல்" என்று அச்சிட்டிருந்தால் அது சோதனைக்காக அடித்த மாதிரிச் சரக்கு. பல பயோஸ்கள் அதை ஏற்காது. எக்ஸ்எம், எம்எக்ஸ் பக்கம் போக வேண்டாம். 3940எக்ஸ்எம் கேட்கும் விலைக்கு முழு ஆறாம் தலைமுறை லேப்டொப்பே எடுத்துவிடலாம்.

ராம், எஸ்எஸ்டி?

நான்காம் தலைமுறைக்கு டிடிஆர்3எல், 1.35 வோல்ட். 1.5 வோல்ட் டிடிஆர்3 செருகினால் பல இயந்திரங்கள் திரையே காட்டாது. மதர்போர்ட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஒற்றை 8 ஜீபி-யை விட 4 + 4 நல்லது, முக்கியமாகத் தனிக் கிராஃபிக்ஸ் இல்லாதவற்றில். எஸ்எஸ்டி இல்லாமல் எந்த ஐ7-ஐயும் மதிப்பிடாதீர்கள். டி430-இல் சிறிய எஸ்எஸ்டி செருகும் எம்சாட்டா இடம் மெதுவான சாட்டா 2 வேகம்தான், பிரதான எஸ்எஸ்டி-யை 2.5 அங்குல இடத்தில் போடுங்கள்.

மின் கட்டணம் எவ்வளவு கூடும்?

சுமையோடு 80 வாட் இழுக்கும் எச்கியூ இயந்திரம் நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் மாதம் 14.4 யூனிட். 30 வாட் யூ இயந்திரம் 5.4. இந்த ஒன்பது யூனிட் வித்தியாசத்தில் கட்டணத்தின் அடுத்த படிக்குத் தாவும் வீடுகள் மட்டும் கவலைப்படலாம்.

சியோன் என்று விற்கிறார்களே?

சியோன் இன்டெல்லின் வேர்க்ஸ்டேஷன் வகை. அதில் இ3-1505எம் வி5 என்பது 6820எச்கியூ-வுக்கு மிக அண்டியது: 4 கோர், 8 எம்பி, 2.8 முதல் 3.7 வரை, கூடுதலாக ஈசிசி (பிழை திருத்தும்) ராம் வசதி. வேகத்துக்காகக் கூடக் காசு கொடுக்க ஒன்றும் இல்லை.

ஏஎம்டி?

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி-இன் றைசன் வரிசைக்கு முந்திய ஏ10, எஃப்எக்ஸ் லேப்டொப்களைத் தொடவே வேண்டாம். றைசனில் எண் ஏமாற்றும்: றைசன் 7 3750எச் 4 கோர், அதற்கு அடுத்து 2020-இல் வந்த றைசன் 7 4800எச் 8 கோர். மேலே சொன்ன இன்டெல் எல்லாவற்றையும் பல கோர் வேலையில் இது தாண்டும், விலை ஒத்துவந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். றைசன் 5 2500யூ விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, 3500யூ இருக்கிறது. இரண்டும் ஒரே உடலோடு பக்கத்தில் பக்கத்தில் விற்பனைக்கு இருக்கும், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.